தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் தமிழ்ப் பயிற்சி

1708ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற மடல் ஒன்று, தமிழ் கற்றவர்களின் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. அதனை எழுதியவர் ஜெர்மானிய சமயத் தொண்டர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. அப்போது அவருக்கு வயது 26. தாம் தமிழ் படிக்கும் முறையை நாழிகைக் கணக்காக அவர் அதில் விரித்துரைத்துள்ளார். காலை வழிபாட்டுக்குப் பின் 7 மணி முதல் 8 மணி வரை, முன்னர்க் கற்ற சொற்களையும் தொடர்களையும் மீண்டும் ஓதிப் பார்ப்பது. 8 முதல் 12 வரை, அதற்கு முன் படித்திராத தமிழ்ச் சுவடிகளைப் படிப்பது. நண்பகல் உணவின்போதும் ஒருவர் படிக்கக் கேட்டுக்கொண்டிருப்பது. வெயிலின் கொடுமை தணியச் சிறிது ஓய்ந்தபின் 3 முதல் 5 வரை மீண்டும் சுவடி. இரவில் 7 முதல் 8 வரை விளக்கொளியில் கண்கள் நோவாதிருக்கப் பிறரைப் படிக்கச் செய்து செவியால் கற்பது. பேச்சிலும் எழுத்திலும் தாம் பின்பற்றத்தக்க நடையுடைய நூல்களையே தேர்ந்துகொண்டதாகவும், அவற்றுள் சிலவற்றை நூறு முறை படித்ததாகவும் அவர் கூறுகிறார்.

நூறு முறை என்பதை உயர்வு நவிற்சி என ஒதுக்கிவிட இயலாது. அந்த மடல் எழுதப்பெற்றபோது அவர் தமிழ் மண்ணில் கால் வைத்து ஈராண்டுகளே கடந்திருந்தன. அந்த ஈராண்டுக்குள் அவர் தமிழில் சமய உரை நிகழ்த்தினார், அகராதி தொகுத்தார், மூன்று நீதி நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார், தம்மிடம் சேர்ந்திருந்த சுவடிகளுக்கு விளக்கத்துடன் ஒரு பட்டியல் வரைந்தார். இவ்வளவையும் ஒரே பிறவி மேதையின் ஆற்றல் என்று போற்றி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. விழா மலர்களிலும் பாடநூல்களிலும் அவர் பெயர் வரும் இடமெல்லாம் அச்சுப்பொறி வருகிறது, விவிலியம் வருகிறது. அவருக்குப் பாடம் சொன்னவர்கள் வருவதில்லை. அந்த மடலைக் கூர்ந்து நோக்கினால், அவர் தனியே அமர்ந்து படித்த நேரம் மிகக் குறைவு என்பது புலனாகும். காலை நான்கு மணி நேரமும் முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் அவருடன் அமர்ந்திருந்தனர்.

சீகன்பால்கு 1682இல் சாக்சனியின் புல்ஸ்னிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். உடல்நலம் என்றும் சீராக இருந்ததில்லை. ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் கல்விச் சூழலில் சில காலம் பயின்றார். அகத்தூய்மையையும் அன்றாட ஒழுங்கையும் வற்புறுத்திய 'பயட்டிசம்' என்னும் சமய இயக்கத்தின் பாசறை அது. எபிரேயம், கிரேக்கம் ஆகிய மொழிகளில் மறைநூலைக் கற்பது அங்குக் கடமை. ஒரு பனுவலை மனத்தில் படியும்வரை திரும்பத் திரும்ப ஓதும் பழக்கத்தை அந்த இளைஞர் தரங்கம்பாடியில் கண்டுபிடிக்கவில்லை. கையோடு கொண்டு வந்தார். டென்மார்க்கு மன்னன் நான்காம் பிரடெரிக் தன் குடியேற்றத்துக்குச் சமயத் தொண்டர்களை அனுப்ப விழைந்தபோது, டேனியர்களுள் எவரும் கிட்டாமையால் ஜெர்மானியர் இருவரைத் தேர்ந்தான். மற்றவர் ஹென்ரிக் புளூட்சோ. 1705 நவம்பரில் 'சோபியா ஹெட்விக்' என்னும் கப்பலில் கோபன்ஹேகனை விட்டுப் புறப்பட்ட இருவரும் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர்.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் பெற்ற இக்கடற்கரை ஊரில், வாணிகக் குழுமத்தின் ஆளுநராக அப்போது இருந்தவர் ஹாசியுஸ். மன்னன் அனுப்பிய இளைஞர்களை அவர் விரும்பவில்லை. கரையிறங்கிய முதல் நாளில் பல மணி நேரம் காக்கவைக்கப்பட்டுப் பின் கடைத்தெருவில் செய்வதறியாது விடப்பட்ட செய்தியை அவர்களே எழுதியுள்ளனர். அவ்வூரின் மொழிநிலையும் அவர்களுக்குப் புதிது. கோட்டைக்குள் அலுவல் மொழி டேனிஷ்; படைவீரருள் ஜெர்மன் பேசுவோரும் இருந்தனர்; ஐரோப்பியரும் அவர்தம் பணியாளரும் தமக்குள் பழகியது சிதைந்த போர்ச்சுகீசியத்தில்; கோட்டைக்கு வெளியே எங்கும் தமிழ். போர்ச்சுகீசியம் அறிந்தால் போதும் என்பதே கோட்டைக்குள் இருந்தோர் எண்ணம். முதலில் இருவரும் அதனையே கற்கத் தொடங்கினர். பின்னர்ப் பணியைப் பகுத்துக்கொண்டபோது போர்ச்சுகீசியம் புளூட்சோவுக்கும் தமிழ் சீகன்பால்குவுக்கும் ஆயின.

தமிழைக் கற்பிக்க நூல் இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே முத்துக்குளித்துறையில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அடிகளார் தமிழ் இலக்கணம் வரைந்திருந்தார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியிருந்தது. மதுரையில் தத்துவ போதகர் என அறியப்பட்ட நோபிலி பாதிரியார் உரைநடை நூல்கள் பல எழுதியிருந்தார். ஆனால் கத்தோலிக்கத் துறவியரின் மரபு, அவர்களுக்கு மாறான சமயப் பிரிவைச் சேர்ந்த இந்த இளைஞர்கள் கைக்கு எளிதில் எட்டுவதாக இல்லை. ஆகவே அவர்கள் ஊரில் இருந்த முதிய பள்ளியாசிரியர் ஒருவரை நாடினர். எழுபது வயதைத் தொட்டிருந்த அவர் தம் மாணவர்களுடனேயே தொண்டர்களின் இல்லத்துக்கு வந்து பள்ளி நடத்த இசைந்தார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை வரைந்து, வாய்விட்டு ஒலித்து, சீகன்பால்கு நெடுங்கணக்கைக் கற்றார்.

இந்நிகழ்ச்சியைப் பணிவின் அடையாளமாகப் பலரும் எடுத்துக்காட்டுவர். பணிவு இருந்திருக்கலாம். அதனினும் நோக்கத்தக்கது அதில் அமைந்த கல்வி முறை. ஆசிரியருக்குப் போர்ச்சுகீசியமோ ஜெர்மனோ தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. எனவே எழுத்தும் ஒலியும் கைவந்த பின்னும் பொருள் விளங்கவில்லை. படிக்கவும் எழுதவும் தெரியும், ஆனால் படிப்பது என்ன என்று தெரியாது என்னும் நிலை சில காலம் நீடித்தது. தமிழ்ச் சிறுவனின் நிலையும் ஏறத்தாழ அதுவே. பொருள் அறியும் முன்னே ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் உலகநீதியும் அவன் நாவில் ஏறிவிடும். பொருள் பின்னால் வாழ்க்கையில் வந்து சேரும். ஓசை முதலில், பொருள் பிறகு என்பது திண்ணைப் பள்ளியின் நெறி. ஐரோப்பியக் கல்வியில் வளர்ந்தவருக்கு இது தலைகீழ்ப் பாடம். ஆனால் தமிழ்ச் சுவடியைப் படிக்க இதனைவிடப் பொருத்தமான பயிற்சி வேறில்லை.

அக்காலச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு இல்லை. சந்தியால் சொற்கள் ஒன்றோடொன்று உருகிக் கலந்திருக்கும். இத்தகைய ஏட்டைக் கண்ணால் மட்டும் படிப்பது தமிழருக்கே அரிது. செவி முந்திக்கொண்டு, இங்கே இந்தச் சொல்தான் இருக்க முடியும் என்று சொன்னால்தான் கண் அதனைக் காணும். சீகன்பால்கு உணவு வேளையிலும் இரவிலும் பிறர் படிக்கக் கேட்டது கண்ணோய்க்கு அஞ்சி மட்டும் அன்று எனக் கருத இடமுண்டு. கேட்டல் அவர் பயிற்சியில் பாதி.

1708இல் அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்த மூன்று நூல்கள் எவை? நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி. திருக்குறளை அறிந்திருந்தும், அதன் சிறப்பைத் தம் பட்டியலில் குறித்திருந்தும், அதனை விடுத்து இவற்றை அவர் எடுத்துக்கொண்டதை ஆய்வாளர் சிலர் எளிமை கருதியதாக விளக்குவர். அவர் முதலில் அமர்ந்திருந்த பள்ளியில் சிறுவர் பாடமாக ஓதிய வகை நூல்கள் இவையே என்பதையும் உடன் நினைக்க வேண்டும். தம் நாவில் முதலில் ஏறியதற்கே அவர் பொருள் எழுதினார். இம்மொழிபெயர்ப்புகள் அவர் காலத்தில் அச்சாகவில்லை. கலாண்டு என்னும் டச்சு அறிஞர் 1930இல்தான் அவற்றை ஆம்ஸ்டர்டாமில் பதிப்பித்தார்.

பொருள் கற்பிக்க வந்தவர் அழகப்பன். ஜெர்மன் மடல்களில் 'அலெப்பா' என்று இவர் பெயர் வருகிறது. டேனியக் குழுமத்தின் துபாஷாக இருந்தவர். டேனிஷ், டச்சு, போர்ச்சுகீசியம், ஜெர்மன் ஆகிய மொழிகளில் பழக்கமுடையவர். ஊதியம் தந்து இவரைத் தொண்டர்கள் தம்முடன் வைத்துக்கொண்டனர். ஓலையில் எழுதிய சொல்லுக்கும் சந்தையில் வழங்கும் பொருளுக்கும் இடையே பாலமாக நின்றவர் இவரே. வந்திறங்கிய எட்டுத் திங்களுக்குள் சீகன்பால்கு ஓரளவு தமிழில் பேசவும் எழுதவும் முடிந்ததென்றால், அந்த எட்டுத் திங்களின் உழைப்பில் செம்பாகம் அழகப்பனுடையது. நாள் முழுதும் ஓர் அயலாரின் தவறான ஒலிப்பைப் பொறுமையுடன் திருத்துவது எத்தகைய பணி என்பதை மொழியாசிரியர்கள் அறிவர்.

அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. ஆளுநருக்கும் தொண்டர்களுக்கும் மூண்ட பகையில் சீகன்பால்குவுக்கு மன்னனின் பாதுகாப்பு இருந்தது. அழகப்பனுக்கு எதுவும் இல்லை. அவர் தரங்கம்பாடியை விட்டு வெளியேற நேர்ந்தது. தஞ்சை நாட்டில் சிறைப்பட்டும் துன்புற்றார். பிற்காலத்தில் மீண்டும் தொண்டர்களோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. 1712 முதல் 1714 வரை, தமிழரின் வாழ்வும் வழிபாடும் குறித்துத் தொண்டர்கள் விடுத்த வினாக்களுக்குத் தமிழர் எழுதிய விடைகளாக 99 மடல்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ஹாலேயில் அச்சாயின. அவற்றுள் பெரும்பகுதியை எழுதியவர் அழகப்பனே எனக் கருதும் ஆய்வாளர் உளர். அக்கருத்துச் சரியானால், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் படித்த தமிழ் உரைநடையாளருள் முதல்வர் அவர்தாம். தமிழ் மூலம் கிட்டாமல் ஜெர்மன் வடிவமே எஞ்சியிருப்பது நம் இழப்பு.

அழகப்பன் சென்றபின் காலைப் பாடத்தில் அமர்ந்தவர் முதிய புலவர். சுவடியில் வரும் கதைகளையும் அருஞ்சொற்களையும் அவர் விளக்குவார். சீகன்பால்கு அறியாத சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். அச்சொற்களே அகராதியாக வளர்ந்தன. முதல் நிரலில் தமிழெழுத்தில் சொல், இரண்டாம் நிரலில் அதன் ஒலிப்பு, மூன்றாம் நிரலில் ஜெர்மன் பொருள். 1708இல் 20,000 அளவில் இருந்த சொற்கள் பின்னர் 40,000 வரை பெருகின. இவை வழக்குச் சொற்கள். செய்யுட் சொற்களுக்குத் தனியே ஓர் அகராதி வேண்டும் என்று கருதி, புலவர்களைத் தம் இல்லத்திலேயே நான்கு திங்கள் தங்கவைத்து 17,000 சொற்கள் கொண்ட மற்றொரு தொகுப்பையும் அவர் உருவாக்கினார். நிகண்டுகளை நெட்டுருவாகக் கொண்டிருந்த புலவர்கள் உடனிருந்திராவிட்டால் நான்கு திங்களில் அது முடிந்திராது.

மூன்றாம் நிரலைப் பற்றித் தனியே ஒரு சொல் கூறத்தக்கது. மூன்று ஆண்டுகளாகத் தாம் ஜெர்மன் நூலையோ இலத்தீன் நூலையோ ஏறக்குறையத் தொடவே இல்லை என்று அவர் பின்னொரு மடலில் எழுதுகிறார். தமிழ் தமக்குத் தாய்மொழி போல் எளிதாகிவிட்டது என்றும் கூறுகிறார். ஞாயிறுதோறும் கோட்டையில் இருந்த ஜெர்மானியருக்காக நிகழ்த்திய வழிபாடும், ஊருக்கு எழுதிய மடல்களும் நீங்கலாக, அவர் தம் தாய்மொழியோடு நாள்தோறும் உறவாடிய இடம் அந்த மூன்றாம் நிரல்தான். அறம், ஊழ், முத்தி, பத்தி போன்ற சொற்களுக்கு எதிரே எந்த ஜெர்மன் சொல்லை எழுதுவது? எழுதிய சொல் பொருந்துமா? ஒவ்வொரு நாளும் இவ்வினாவை எதிர்கொண்டவர் தம் தாய்மொழியையும் புதிதாகக் கற்றிருப்பார். இரு மொழிகளுக்கிடையே வேலை செய்யும் எவருக்கும் இது வியப்பாக இராது.

சுவடிகள் எங்கிருந்து வந்தன? கடைகளில் விற்கும் பொருளன்று சுவடி. தம் எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி, பிராமணக் கைம்பெண்களிடம் எஞ்சியிருந்த நூல்களைக் குறைந்த விலைக்கு வாங்கச் செய்ததாக அவரே எழுதுகிறார். இச்செய்தியை வாசிக்கையில் மகிழ்ச்சியோடு ஒரு வருத்தமும் எழுகிறது. கணவன் ஓதிய ஏட்டை விலைக்குக் கொடுத்த அப்பெண்களின் வறுமை அந்த நூலகத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் வீடு வீடாக ஏடு தேடி அலைந்த காலத்துக்கு ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

அவ்வாறு சேர்ந்த நூல்களின் பட்டியலே 1708இல் அவர் வரைந்த 'பிப்ளியோதேக்கா மலபாரிக்கா'. கிறித்தவ நூல்களும் இசுலாமிய நூல்களும் அதில் உண்டெனினும், சிறப்புடையது 119 தமிழ் நூல்களைப் பற்றிய பகுதி. தொல்காப்பியம், திருக்குறள் முதல் சிவவாக்கியம் வரை, கதைகள், கணக்கு, நீதி, வழிபாடு என அதன் பரப்பு விரிகிறது. நூற்பெயர், ஆசிரியர், பொருள், தமிழரிடையே அதற்குள்ள மதிப்பு, பள்ளிகளில் அது ஓதப்படுகிறதா என்பன போன்ற குறிப்புகள் இடம்பெறுகின்றன. தமிழ் இலக்கிய வரலாறு என்னும் துறை தோன்றாத காலத்தில், ஒரு மாவட்டத்தின் கடற்கரையோரத்தில் 1708இல் என்னென்ன நூல்கள் உண்மையில் படிக்கப்பட்டன என்பதற்கு இதைப் போன்ற சான்று வேறு கிடைப்பது அரிது. சங்கத் தொகை நூல்கள் இப்பட்டியலில் இல்லாததைக் குறையாகச் சொல்வோர் உண்டு. அவை அன்று தமிழ்ப் புலவர் பலருக்கே எட்டாதவை. அவர் கண்டதை எழுதினார்.

பட்டியலின் முன்னுரையில் அவர் கூறும் கருத்து அவரது பயிற்சியின் பயனைக் காட்டுகிறது. ஐரோப்பியர் பலர் தமிழரைக் கல்வியும் ஒழுக்கமும் அற்றவர் என எண்ணுகின்றனர். அவர்தம் மொழியை அறியாமையே அதற்குக் காரணம். தாமும் வந்த புதிதில் தமிழுக்கு முறையான இலக்கணம் இராது என எண்ணியிருந்ததாகவும், மொழி சிறிது கைவந்ததும் அவ்வெண்ணம் அகன்றதாகவும் அவர் ஒப்புக்கொள்கிறார். இதனால் அவர் தம் சமயப் பணியை விட்டுவிடவில்லை. தமிழரின் வழிபாட்டைப் பிழை என்றே இறுதிவரை கருதினார். ஆயினும், எதனை மறுக்கிறோமோ அதனை அதன் நூல்வழியே அறிந்து மறுக்க வேண்டும் என்னும் நேர்மை அவரிடம் வளர்ந்தது. 1711இல் தமிழர் சமயம் பற்றியும், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமுறை பற்றியும் அவர் விரிவான நூல்கள் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கு வரவேற்பில்லை. அயல் சமயத்தை வேரறுக்கப் போனவர்கள் அதனை ஐரோப்பாவில் பரப்ப முற்படுவது முறையன்று என்பது பிராங்கேயின் கருத்து எனக் கூறுவர். தெய்வங்கள் பற்றிய நூல் 1867இல் சென்னையில் ஜெர்மான் என்பாரால் பதிப்பிக்கப்பெற்றது. மற்றது 1926 வரை காத்திருந்தது. நாள்தோறும் படித்துப் பெற்ற அறிவைப் படிக்க அனுப்பியவர்களே ஏற்கவில்லை.

இடையில் ஒரு தடை. 1708 அக்டோபர் 17ஆம் நாள் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். ஒரு திங்கள் கழிந்ததும், நவம்பர் 19ஆம் நாள், ஆளுநர் அவரை டான்ஸ்பர்க் கோட்டையில் சிறைவைத்தார். 1709 மார்ச்சு 26 வரை நான்கு திங்களுக்கு மேல் அச்சிறை நீடித்தது. முதலில் எழுதுகோலும் தாளும் மறுக்கப்பட்டன. பின்னர்க் கிடைத்தபோது அவர் ஜெர்மன் மொழியில் சமய நூல் எழுதினார். புலவரும் எழுத்தரும் அருகில் இல்லாதபோது அவர் தமிழில் எழுத முனையவில்லை என்பது கருதத்தக்கது. விடுதலைக்குப் பின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711 மார்ச்சு 31ஆம் நாள் முடித்தார். ஹாலேயில் வார்க்கப்பெற்ற தமிழெழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை பெரியனவாகித் தாளை விழுங்கியமையால், சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பெற்று 1714-15இல் நூல் வெளிவந்தது.

அந்தத் தமிழ் எப்படிப்பட்டது? இவ்வினாவில் புலவர்கள் என்றுமே இரக்கம் காட்டியதில்லை. வீரமாமுனிவர் தம் எதிர்ச் சமயத்தாரின் மொழிபெயர்ப்பைக் கடுமையாக எள்ளினார். சமயப் பகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அவர் சொன்னதில் உண்மை உண்டு. சீகன்பால்குவின் தொடர்களில் தமிழின் இயல்பான நடை பல இடங்களில் முறிகிறது. மூல மொழியின் சொல்வரிசை மேலோங்குகிறது. பேச்சு வடிவும் நூல் வடிவும் ஓரிடத்தில் கலக்கின்றன. நூறு முறை ஓதிய நூல்கள் பெரும்பாலும் செய்யுள்; அவர் எழுத வேண்டியிருந்ததோ உரைநடை. கோட்டைப் பணியாளரும் அடிமைகளும் மீனவரும் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டிய உரைநடைக்குப் பின்பற்றத்தக்க முன்மாதிரி அவர் கைக்கு எட்டிய சுவடிகளில் மிகச் சிலவே. தேம்பாவணி பாடியவரின் செவியோடு அவரை ஒப்பிடுதல் பொருந்தாது. முனிவர் தமிழைப் புலவராகக் கற்றார். சீகன்பால்கு பள்ளிச் சிறுவனாகத் தொடங்கி, தெருவில் பேசுபவராக வளர்ந்து, நின்றுவிட்டார். அவருக்குக் கிடைத்த ஆண்டுகளும் குறைவு.

முதிய பள்ளியாசிரியரின் மகன் கணபதி ஒரு கவிஞர். தொண்டர்களோடு நெருங்கிப் பழகி, உறவினரின் பெரும் எதிர்ப்புக்கிடையே 1709இல் திருமுழுக்குப் பெற்றவர். விவிலியக் கதைகளைத் தமிழ்ப் பாட்டாக்கியவர். பின்னாளில் அவர் திருச்சபையை விட்டு விலகிவிட்டார். அவருடைய பாடல்கள் நிலைத்திருந்தால், தரங்கம்பாடித் தமிழைப் பற்றிய மதிப்பீடு சற்றே மாறியிருக்கவும் கூடும்.

1714 அக்டோபரில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் பயணமானார். தமிழை விட்டு நீண்ட காலம் பிரிந்தால் பயிற்சி தளர்ந்துவிடும் என்று அஞ்சி, மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். கப்பலில் அன்றாடப் பாடம் தொடர்ந்தது. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு அந்த இளைஞரின் துணையோடு நடந்தது. இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றும் உருவாயிற்று. அவ்விலக்கணம் 1716இல் ஹாலேயில், தமிழெழுத்துகளுடன் அச்சேறியது. 'கிராமட்டிக்கா டமுலிக்கா' என்பது அதன் பெயர். ஐரோப்பியர் பலர் தமிழை 'மலபார் மொழி' என்று பிழைபட வழங்கிய காலத்தில், நூலின் முகப்பிலேயே தமிழ் என்னும் பெயரைத் திரிந்த வடிவிலேனும் பொறித்தது சிறு செய்தியன்று. வினைத் திரிபுகளை அடுக்கிக்காட்டும் அதன் பக்கங்களில், இலக்கண நூலார் ஒதுக்கிய பேச்சு வடிவங்களுக்கு இடமிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழை ஆராய்வோருக்கு அது பயன்படுவதற்குக் காரணம், புலவர்கள் குறையாகக் கண்ட அதே பண்புதான். டேனியல் ஜெயராஜ் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 2010இல் வெளியிட்டார்.

1716 ஆகஸ்டில் மனைவி மரியா டொரோதியாவுடன் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு மீண்டார். புதிய எருசலேம் ஆலயம் 1718இல் படைக்கப்பெற்றது. பணிமுறை பற்றிக் கோபன்ஹேகனில் இருந்த மேலாளரின் கண்டனங்கள் அவரை வருத்தின, உடல் தளர்ந்தது. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், 36 வயதில் காலமாகி, தாம் எழுப்பிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார். பழைய ஏற்பாடு ரூத்து ஆகமம் வரை வந்து நின்றிருந்தது. எஞ்சியதை அவருக்குப் பின் வந்த பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். அகராதிப் பணி பல கைகள் மாறி, 1779இல் வேப்பேரியில் பப்ரீசியுஸ் அச்சிட்ட தமிழ்-ஆங்கில அகராதிக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

சுவடிப் பட்டியலின் பிரதி ஒன்று இலண்டனில், ஸ்லோன் என்பாரின் தொகுப்பில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. ஆல்பர்ட்டின் கவுர் என்னும் நூலகர் 1967இல் அதனைப் பற்றி எழுதினார். 2012இல் வில் சுவீட்மன், இலக்குவன் ஆகிய இருவரும் பட்டியல் முழுவதையும் ஆராய்ந்து, ஒவ்வொரு பெயரும் எந்தத் தமிழ் நூலைக் குறிக்கிறது என்று இனங்கண்டு புதுச்சேரியில் வெளியிட்டனர். திரிந்த ஜெர்மன் ஒலிப்பில் எழுதப்பட்ட தலைப்புகளைத் தமிழ்ப் பெயர்களாக மீட்பதற்கு அவர்கள் செய்ததும் ஏறத்தாழ அதே வேலைதான்: வரியை உரக்கப் படித்துப் பார்ப்பது, பிழைபட்ட ஒலிக்குள் சரியான சொல்லைக் கேட்பது.